பதினேழு வயதுப் பொடியனை வெளியே எடுத்தது சரியா? ஓர்மமும் நிதானமும் பற்றி ஒரு வாக்குவாதம்

நாலாம் நம்பர் (புதன், இரவு 8.40)

போன ஞாயிறு நடந்த உதைபந்தாட்ட இறுதிப்போட்டியைப் பற்றி மூன்று நாளாக வாட்சப் குழுக்களில் எழுதித் தள்ளுகிறார்கள். பாதி உண்மை, பாதி ஊர்க்கதை. அணித்தலைவர் நான்தான் என்றபடியால் நடந்ததை நானே முழுவதுமாக எழுதிவிடுகிறேன். அப்புறம் ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுடையது சின்னக் கழகம். எட்டு வருடமாக எந்தச் சுற்றுப்போட்டியிலும் இறுதி ஆட்டத்துக்கு வரவில்லை. ஞாயிறு ஆட்டம் 35க்கு 35, மொத்தம் 70 நிமிடம். மாற்று வீரர்கள் மூன்று பேர் மட்டும். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். இடைவேளையில் ஒருவரை மாற்றினோம். 42இல் ஒருவருக்குக் காலில் தசை பிடித்தது, அவரையும் மாற்றினோம். 48இல் மூன்றாவது மாற்றமும் முடிந்தது. 56இல் கோல் அடித்தோம், 1–1.

61ஆவது நிமிடம் எதிரணிக்குக் கோர்னர். எங்கள் இடப்பக்கப் பின்கள வீரனுக்குப் பதினேழு வயது. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறவன். பந்துக்கு எழும்பியபோது எதிரணிக்காரருடைய தலையும் அவன் தலையும் மோதிக்கொண்டன. சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பலகையில் பலகை விழுந்தது போல ஒரு மொட்டைச் சத்தம். விழுந்தவன் உடனே எழும்பிவிட்டான். இரத்தம் இல்லை. சனம் கை தட்டியது. "எனக்கு ஒண்டுமில்ல அண்ணன்" என்றான்.

நான் அவனுடைய தோளைப் பிடித்து, "இப்ப என்ன ஸ்கோர்?" என்று கேட்டேன்.

"ஒண்டுக்குப் பூச்சியம் அண்ணன், நாம எப்பிடியும் அடிக்கணும்" என்றான்.

நாங்கள் சமன் செய்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோலுக்குப் பந்து கொடுத்தவனே அவன்தான்.

மத்தியஸ்தரிடம் சொல்லி அவனை வெளியே அனுப்பினேன். மாற்ற ஆள் இல்லை, பத்துப் பேரோடு நின்றோம். 67இல் அவன் நின்றிருக்க வேண்டிய பக்கத்தால்தான் பந்து வந்தது. 2–1. கிண்ணம் போய்விட்டது.

"ஓர்மம் இல்லாத தலைவன்", நெஞ்சுரம் இல்லாதவன் என்று என்னைச் சொல்கிறார்கள். சரியா பிழையா, எழுதுங்கள்.

பழைய பத்து (புதன், இரவு 9.25)

தம்பி, மறைக்காமல் எழுதியிருக்கிறாய், அதற்கு முதலில் நன்றி. ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கழகத்துக்குப் பதினாறு வருடம் விளையாடியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

ஒன்பது நிமிடம்தான் மீதி இருந்தது. சமநிலையில் முடித்திருந்தால் பெனால்ட்டி. நம்முடைய கோல் காப்பாளர் அரையிறுதியில் இரண்டு பெனால்ட்டி பிடித்த ஆள். ஒன்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

பெரிய தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். கிரிக்கெட்டில், 2002ஆம் ஆண்டு மே மாதம் அன்டிகுவாவில் இந்தியாவின் கும்ப்ளேயின் தாடை உடைந்தது. முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து 14 ஓவர் வீசினார், லாராவை ஆட்டமிழக்கச் செய்தார். 2009 ஜனவரியில் சிட்னியில் தென்னாபிரிக்கத் தலைவர் கிரேம் ஸ்மித் உடைந்த கையோடு கடைசி ஆளாகத் துடுப்பெடுத்தாட இறங்கினார், அணியைத் தோல்வியிலிருந்து காப்பாற்ற. நம்முடைய அர்ஜுன ரணதுங்கவை எடுத்துக்கொள். 1999 ஜனவரி, அடிலெயிட். முரளியின் பந்துக்கு நடுவர் நோபோல் என்று சொன்னதும் முழு அணியையும் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் நடந்து போனார். தடை வரும், அபராதம் வரும் என்று தெரியாதவரா? தன் ஆள் ஒருவனுக்காக அணியே நிற்கும் என்று காட்டினார். அதே ஆட்டத்தில் 303 ஓட்டம் துரத்தி ஒரு விக்கெட் மீதியிருக்க வென்றோம். ஓர்மம் இருக்கிற இடத்தில்தான் அந்த மாதிரி வெற்றி வரும்.

பொடியன் தன் வாயால் சொன்னான் "எனக்கு ஒன்றுமில்லை" என்று. அவனுடைய அப்பா வயலிலிருந்து நேரே வந்து, காலில் சேறு காயாமல் கோட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் அவனை வெளியே அனுப்பியது அவனுடைய ஓர்மத்தை மிதித்ததுதான். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வார்டுக்காரி (புதன், இரவு 10.05)

நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கம், தாதியாக வேலை செய்கிறேன். தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், அதனால் ஒன்றை மட்டும் எழுத வேண்டும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் அவர்கள் வருவார்கள். சைக்கிளில் விழுந்தவர், தென்னையில் ஏறி விழுந்தவர், எல்லோரும் அதையே சொல்வார்கள். பக்கத்தில் மனைவியோ அம்மாவோ நின்று, "இல்ல மிஸ், வரக்குள்ள ஒரே கேள்விய அஞ்சு தரம் கேட்டுட்டார்" என்பார்கள். அடிபட்டவருக்கு அது தெரியவே தெரியாது. மூளை குலுங்கிவிட்டால் தன்னைப் பற்றித் தானே சரியாகச் சொல்லும் திறனும் குழம்பிவிடலாம். அண்ணன் சொன்ன கும்ப்ளேக்குத் தாடை உடைந்தது. உடைந்தது அவருக்குத் தெரியும், வலித்தது, தெரிந்துகொண்டே முடிவெடுத்தார். இந்தப் பிள்ளைக்கு ஸ்கோரே தெரியவில்லை. அவனிடம் என்ன சம்மதம் கேட்பது?

2014 உலகக்கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் ஜேர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்கு நடந்தது இதேதான். 17ஆவது நிமிடமளவில் அவருடைய தலை ஆர்ஜென்டீனா வீரரின் தோளில் மோதியது. எழும்பி விளையாடினார். கொஞ்ச நேரத்தில் நடுவரிடம் போய், "இது இறுதிப்போட்டியா?" என்று கேட்டார். நடுவர் ரிசோலி அதை ஜேர்மனி வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்ன பிறகுதான் 31ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். பதினான்கு நிமிடம் அந்த மனிதர் எந்த ஆட்டம் என்று தெரியாமல் உலகக்கிண்ண இறுதியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

முதல் அடியை விட எங்களுக்குப் பயம் இரண்டாவது அடிதான். முதலாவது ஆறுவதற்கு முன் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் இளம் வயதில். அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடந்தால் திருப்ப முடியாது. ஒன்பது நிமிடத்தில் இன்னும் எத்தனை கோர்னர் வந்திருக்கும் என்று யார் எண்ணுவது?

நாலாம் நம்பர் (புதன், இரவு 10.30)

நன்றி மிஸ். அந்த நேரம் எனக்கு இவ்வளவும் தெரியாது. அவன் ஸ்கோரைப் பிழையாகச் சொன்னதும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது, அவ்வளவுதான்.

பத்து அண்ணன், தோற்றது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அது ஒரு கிண்ணம். விளையாட்டு விளையாட்டுத்தானே.

மருதமுனைக் கரை (வியாழன், காலை 6.15)

தம்பி, நீங்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கடைசியில் எழுதிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. "விளையாட்டு விளையாட்டுத்தானே" என்று தலைவராக இருக்கிறவர் சொல்லக் கூடாது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிகம் உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். நாங்கள் விளையாடிய மைதானம் கரையோரம். எங்கள் அணியில் நான்கு பேர் இல்லாமல் போனார்கள். அதில் ஒருவன் என் சாச்சாவின் மகன். அடுத்த மூன்று மாதம் நான் சாப்பிட்டேன், தொழுதேன், வரிசையில் நின்று சாமான் வாங்கினேன். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் முகாமுக்குப் பக்கத்து வெறும் நிலத்தில் யாரோ ஒரு பொடியன் பந்தோடு வந்தான். ஏழு பேர், எட்டுப் பேர் என்று சேர்ந்தோம். செருப்புகளை வைத்துக் கோல் கம்பம். பத்து நிமிடத்துக்குள் ஓஃப்சைட்டா இல்லையா என்று சண்டை வந்தது. நான் ஒருவனுடைய சட்டையைப் பிடித்துக் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே விளங்கியது, மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று. அன்று இரவு முதல் தடவையாக அவனை நினைத்து அழுதேன்.

விளையாட்டு எனக்கு என்ன தந்தது என்று கேட்டால் அந்தப் பின்னேரத்தைத்தான் சொல்வேன். வெறும் விளையாட்டு என்று நினைத்து விளையாடியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. ஓஃப்சைட் என்பது உயிர் போகிற விடயம் என்று நம்பி விளையாடியதால்தான் வந்தது. பத்து நானா எழுதுகிற ஓர்மத்தை லேசாக எடுக்காதீர்கள். பொடியனை வெளியே எடுத்ததற்குக் காரணம் கிண்ணம் சின்னது என்பதாக இருக்க வேண்டாம். கிண்ணம் பெரியதுதான். பொடியன் அதைவிடப் பெரியவன்.

பழைய பத்து (வியாழன், காலை 7.50)

மருதமுனைத் தம்பி, உங்கள் எழுத்தை இரண்டு தரம் வாசித்தேன். மனம் கனத்துப் போனது. அல்லாஹ் அவர்களுக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

தாதி மிஸ் சொன்னதையும் யோசித்தேன். வைத்தியத்தில் அவரோடு வாதாட எனக்கு அறிவு இல்லை. ஆனால் நாலாம் நம்பரிடம் எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லட்டும்.

48ஆவது நிமிடத்தில் மூன்றாவது மாற்றத்தைச் செய்யச் சொல்லிப் பயிற்றுவிப்பாளரைப் பார்த்துக் கையைக் காட்டிக் கத்தியது யார்? நான் கோட்டுப் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது. இன்னும் 22 நிமிடம் இருக்கும்போது கையில் இருந்த கடைசி மாற்றத்தையும் முன்கள வீரர் ஒருவருக்குச் செலவழித்தாய். பின்களத்தில் நிற்கக்கூடிய பொடியன் ஒருவன் ஆட்டம் முழுக்க வாங்கிலேயே உட்கார்ந்திருந்தான். யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வது என்று அப்போது யோசித்தாயா?

61இல் நிதானமாக முடிவெடுத்தேன் என்கிறாய். நிதானம் 48இல் எங்கே போனது? திட்டம் போடுவதில் விட்ட பிழையைப் பெருந்தன்மை என்று பெயர் மாற்றி எழுதக் கூடாது தம்பி. தோற்றது பொடியனை வெளியே எடுத்ததால் மட்டும் இல்லை.

நாலாம் நம்பர் (வியாழன், மதியம் 12.40)

ஓம் அண்ணன். கத்தியது நான்தான்.

வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து உங்கள் கேள்வி தலைக்குள் சுற்றிக்கொண்டு இருக்கிறது. 48இல் நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு. எட்டு வருடம் காத்த சனம் சுற்றி நிற்கிறது. எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை, கோல் மட்டும்தான் தெரிந்தது. பயிற்றுவிப்பாளர் "பொறு, பொறு" என்று கையால் காட்டினார். நான் திரும்பவும் கத்தினேன். அவர் விட்டுக்கொடுத்தார்.

ஆனால் அந்த மாற்று வீரர்தான் 56இல் கோல் அடித்தார். அவர் இறங்கியிருக்காவிட்டால் 1–1 என்பதே வந்திருக்காது. அப்படியென்றால் நான் செய்தது பிழையா? எனக்கு விளங்கவில்லை அண்ணன், உண்மையாகத்தான் சொல்கிறேன். கோலைத் தந்ததும் அந்த ஓர்மம்தான், பத்துப் பேராக நிற்க வைத்ததும் அதுதான்.

மருதமுனை நானா, "விளையாட்டுத்தானே" என்று எழுதியதற்கு மன்னியுங்கள். வலியை மறைக்க எழுதினேன்.

களுதாவளை டீச்சர் (வியாழன், பின்னேரம் 4.30)

பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குகிறேன். ஆண்கள் எல்லோரும் 48ஆவது நிமிடத்தையும் 61ஆவது நிமிடத்தையும் பற்றியே எழுதுகிறீர்கள். 71ஆவது நிமிடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. விசில் ஊதிய பிறகு என்ன நடந்தது? அந்தப் பிள்ளையிடம் யார் போனீர்கள்? அவன் நின்றிருக்க வேண்டிய பக்கத்தால் கோல் விழுந்தது என்று நாலாம் நம்பரே மேலே எழுதியிருக்கிறார். அந்த வரியை அவன் வாசித்தால் என்ன நினைப்பான்?

எங்கள் பக்கத்துக் கொம்புமுறியை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் அம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். மழை இல்லை, ஊரில் நோய் என்றால் கண்ணகி அம்மனுக்காக நடத்துகிற விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாய்ப் பிரியும். இரண்டு பக்கத்துக் கொம்பையும் ஒன்றோடு ஒன்று கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள், ஒன்று முறியும் வரைக்கும். வென்ற சேரி தோற்ற சேரியை வசை பாடும். சும்மா வசை இல்லை, காது கூசுகிற வசை. அவ்வளவு ஓர்மமாக இழுத்தார்கள், அவ்வளவு ஓர்மமாக ஏசினார்கள். ஆனால் எதற்காக விளையாடினார்கள்? முழு ஊருக்கும் மழை பெய்ய வேண்டும் என்று. தோற்ற சேரிக்காரனுடைய வயலிலும் அதே மழைதான் விழும். விளையாட்டு முடிந்தால் வசையும் அங்கேயே முடிந்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அம்மம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

நீங்கள் மூன்று நாளாக வாட்சப்பில் அந்த வசையை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு.

தலைவர் என்ற முறையில் நாலாம் நம்பர் செய்ய வேண்டியிருந்தது 61ஓடு முடிந்துவிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அணியைக் கூட்டி, எல்லோருக்கும் முன்னால், "இவனை வெளியே அனுப்பியது என் முடிவு, இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னீர்களா தம்பி?

நாலாம் நம்பர் (வியாழன், பின்னேரம் 5.10)

இல்லை டீச்சர். விசில் ஊதியதும் நான் தரையில் குந்திவிட்டேன். எழும்பும்போது அவனை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. அந்தப் பக்கத்துக்கு ஆள் போடாதது நான்.

விசில்காரர் (வியாழன், இரவு 9.00)

ஓய்வுபெற்ற மத்தியஸ்தர். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் கோட்டுக்கொடி பிடித்ததில் தொடங்கி 27 வருடம் விசில் ஊதினேன்.

முதலில் அடிலெயிட் பற்றி. பத்துத் தம்பி அதை ஓர்மத்துக்கு உதாரணம் காட்டினார். நானும் அந்த ஆட்டத்தை நேரடி ஒளிபரப்பில் பார்த்தவன். அர்ஜுன அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் போனார், சரி. அந்தக் கோட்டில் நின்றார். தாண்டிப் போகவில்லை. அங்கே நின்று பேசினார்கள், கால் மணித்தியாலமளவு ஆட்டம் நின்றது, அப்புறம் திரும்பி வந்து முரளியிடமே பந்தைக் கொடுத்தார். தாண்டியிருந்தால் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும், மஹேல அடித்த 120 ஓட்டமும் இருந்திருக்காது. நடுவரோடு அவர் விரலை நீட்டிப் பேசிய விதம் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. நான் விசில் ஊதுகிறவன், எனக்கு எப்படிப் பிடிக்கும்? ஆனால் கோட்டில் நின்ற அந்தக் கால்களை நான் மறக்கவில்லை. கோபம் உச்சத்தில் இருந்த நேரத்திலும் அந்த மனிதருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

2006இல் பேர்லினில் பிரான்ஸ் தலைவர் ஸிடானுக்கு அது தெரியாமல் போனது. உலகக்கிண்ண இறுதி, 110ஆவது நிமிடம், இத்தாலியின் மட்டராஸியின் நெஞ்சில் தலையால் முட்டினார், சிவப்பு அட்டை. தலைவர் இல்லாத அணி பெனால்ட்டியில் 5–3 என்று தோற்றது. அவரைவிட ஆட்டத்தை நேசித்தவர் அந்த மைதானத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போது விதி. தலையில் அடிபட்டவருக்காக மேலதிகமாக ஒரு மாற்று வீரரை அனுமதிக்கலாம் என்று 2024–25 உதைபந்தாட்ட விதிகளிலேயே வந்துவிட்டது, போட்டி நடத்துகிறவர்கள் ஏற்றுக்கொண்டால். கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதலே இருக்கிறது. அதே மாதம் லோர்ட்ஸில் அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டது. 80 ஓட்டத்தோடு வெளியே போனவர் திரும்பி வந்து 92 வரைக்கும் ஆடினார், சனம் கொண்டாடியது. அடுத்த நாள் காலை மூளை அதிர்ச்சி என்று ஆட்டத்திலிருந்தே விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். பெரிய வைத்தியர்கள் பக்கத்தில் நின்று பரிசோதித்த ஆளுக்கே அறிகுறி பிந்தித்தான் வந்தது. நம்முடைய ஊர்ச் சுற்றுப்போட்டியில் ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு ஸ்பிரே போத்தலும்தான் இருக்கிறது.

ஞாயிறு ஆட்டத்தில் இந்த விதி இல்லை. இருந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அதற்கு நாலாம் நம்பரையும் குற்றம் சொல்ல முடியாது, பத்துத் தம்பியையும் சொல்ல முடியாது. எங்களை மாதிரி ஆட்கள்தான் ஆட்டத்துக்கு முதல்நாள் கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டும். ஜேர்சி நிறத்துக்கு ஒரு மணித்தியாலம் பேசுகிறோம், இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று. எங்கள் வயதுக்காரர் கூடைப்பந்து பழக்கிய ஹேபியர் அடிகளாரை மறக்க மாட்டோம். அமெரிக்காவிலிருந்து இளம் வயதில் வந்து எங்களோடேயே வாழ்ந்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்த வருடத்துக்குப் பிறகு ஆட்டத்தில் தோற்றதை நான் ஒருநாளும் "இழந்தோம்" என்று எழுதுவதில்லை. தோற்றோம் என்றுதான் எழுதுவேன். அதற்காக ஒரு பெனால்ட்டியையாவது நான் கவனமில்லாமல் கொடுத்தது கிடையாது.

பழைய பத்து (வியாழன், இரவு 9.40)

ஐயா, அந்தக் கோட்டை நான் கவனிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் 48ஆவது நிமிடத்தை நான் விடமாட்டேன். கோல் விழுந்தது என்பதால் அது சரியாகிவிடாது. பின்களத்து ஆள் ஒருவனுக்குத் தசை பிடித்திருந்தாலும் இதே நிலைமைதான். தலைவன் என்றால் எல்லோருக்கும் ஒரு கோல் தெரிகிற நேரத்தில் அவனுக்கு மட்டும் 22 நிமிடம் தெரிய வேண்டும்.

மருதமுனைக் கரை (வியாழன், இரவு 9.55)

நானா, எனக்கு இதில் உடன்பாடில்லை. 22 நிமிடத்தை எண்ணிக்கொண்டு இருந்திருந்தால் 1–0 என்றே தோற்றிருப்பார்கள், அப்போது நீங்கள் "ஏன் மூன்றாவது ஆளை இறக்கவில்லை" என்று எழுதியிருப்பீர்கள். கிராமருக்குப் பதிலாக இறங்கிய ஷூர்லேதான் 113ஆவது நிமிடத்தில் கோலுக்குப் பந்து கொடுத்தார். அதை யார் கணக்குப் போட்டு இறக்கினார்கள்? கையில் இருக்கிற ஆளை நம்பி இறக்குவதுதான். இந்த ஒன்றில் தம்பி நாலாம் நம்பர் பக்கம் நான்.

வார்டுக்காரி (வியாழன், இரவு 10.10)

மாற்றத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள், அது எனக்குத் தெரியாத விடயம். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று யாராவது எழுதினால் நல்லது.

அக்கா (வெள்ளி, காலை 8.20)

நான் அந்தப் பொடியனுடைய அக்கா. போன் திரையைப் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபடியால் அவனுடைய போனை நான் வாங்கி வைத்திருக்கிறேன். நல்லதுக்குத்தான், இதையெல்லாம் அவன் இன்னும் வாசிக்கவில்லை. வாட்சப்பில் வந்ததையும் வாசிக்கவில்லை.

வானில் போகும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். "மெட்ச் முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்டான். முடிந்தது என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டான். மூன்றாவது தரம் கேட்கும்போது வலையிறவுப் பாலத்தில் ஏறியிருந்தோம், அங்கே வாந்தி எடுத்தான். அப்பா அதுவரைக்கும் ஒன்றும் பேசாமல் வந்தவர், அந்த இடத்தில் நாலாம் நம்பர் அண்ணனுடைய பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்.

இரண்டு இரவு வார்டில் வைத்திருந்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இப்போது வீட்டில்தான். தலையிடி இருக்கிறது, வெளிச்சம் பார்க்கக் கஷ்டம், பின்னேரம் ஆனால் படுத்துவிடுவான். பந்தைத் தொட இன்னும் கொஞ்ச நாள் ஆகும், படிப்படியாகத்தான் விடுவார்களாம்.

பத்து மாமாவுக்குக் கோபம் இருக்கும். தோற்றதற்கு அவனுக்கும் கவலைதான். ஆனால் அவனுக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. 56ஆவது நிமிடக் கோல் அவனுக்கு நினைவில் இல்லை. அவன்தான் பந்து கொடுத்தான் என்று சொன்னோம். "சும்மா சொல்றீங்க" என்கிறான். யாராவது போனில் எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். இப்போது காட்ட மாட்டேன், டாக்டர் சரி என்றதும் காட்டுகிறேன்.

நாலாம் நம்பர் (வெள்ளி, காலை 8.45)

தங்கச்சி, இன்றைக்கு வேலை முடிந்து பின்னேரம் வீட்டுக்கு வரலாமா? நான் மட்டும்தான் வருவேன், சத்தம் போட மாட்டேன். ஞாயிறு பயிற்சிக்கு முழு அணியும் வரும். டீச்சர் கேட்டதை அங்கே எல்லோருக்கும் முன்னால் சொல்லப் போகிறேன்.

பழைய பத்து (வெள்ளி, காலை 9.05)

மகள், என்னிடம் இருக்கிறது. கோட்டுப் பக்கத்திலிருந்து நான்தான் எடுத்துக்கொண்டு நின்றேன். கோல் விழும்போது கை ஆடிவிட்டது, கோல் சரியாகத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் உன் தம்பி இடப்பக்கத்திலிருந்து இரண்டு பேரை விட்டுவிட்டு உள்ளே போட்ட பந்து தெளிவாக விழுந்திருக்கிறது. அதை மட்டும் வெட்டி அனுப்புகிறேன். 61ஆவது நிமிடமும் அதே போனில் இருக்கிறது, அதை அழித்துவிட்டேன்.

நாலாம் நம்பர், மூன்றாவது மாற்றத்தில் நான் இன்னும் உன்னோடு சண்டைதான். ஞாயிறு நாலரைக்குத்தானே பயிற்சி? பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப் என் வீட்டில் கிடக்கிறது, கொண்டு வருகிறேன். விசில் ஐயாவையும் வரச் சொல்லு, அடுத்த சுற்றுப்போட்டிக் கூட்டத்துக்கு அந்த விதியை எழுத்தில் கொடுக்க வேண்டும்.